பந்து பட்டு கண்ணாடி உடைந்தால் யார் பொறுப்பு? திருவாரூர் முத்துசாமி ஐயரின் வாழ்க்கை வழியே ஒரு விளக்கம்

தை, மாசியில் சம்பா அறுவடை முடிந்ததும் டெல்டாவில் இரண்டு விஷயங்கள் நடக்கும். ஈரம் இருக்கும் வயலில் உளுந்தும் பயறும் முளைக்கும். காய்ந்து கிடக்கும் வயலில் ஸ்டம்ப் முளைக்கும். ஒரு துண்டு நிலத்தைச் சமப்படுத்தினால் பிட்ச் ரெடி. ஞாயிற்றுக்கிழமை டோர்னமென்ட், டென்னிஸ் பால், மைக் செட், பரிசுக் கோப்பை என்று ஊரே கூடிவிடும்.

முன்பெல்லாம் சிக்ஸர் அடித்தால் பந்து அடுத்த வயலில் விழும். இப்போது அந்த அடுத்த வயல் பிளாட் போட்டு விற்கப்பட்டு, வீடாகியிருக்கும். ஜன்னலில் கண்ணாடி, வாசலில் கார், மாடியில் சோலார் பேனல். பந்து போய் விழுந்தால் சத்தம் மட்டும் வராது, பில்லும் வரும்.

அந்த பில்லை யார் கட்டுவது? அடித்த பையனா, அவன் அப்பாவா, மேட்ச் நடத்திய கிளப்பா, நிலத்துக்காரரா? போலீஸில் புகார் கொடுத்தால் கேஸ் நிக்குமா?

இந்தக் கேள்விகளுக்கான சட்டம் இந்த மண்ணில் எப்படி உருவானது என்பதைப் புரிந்துகொள்ள, டெல்டாவில் பிறந்த ஒருவரின் வாழ்க்கையைப் பார்த்தாலே போதும். சென்னை உயர் நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதியான திருவாரூர் முத்துசாமி ஐயர்தான் அவர். கிரிக்கெட்டுக்கும் அவருக்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் இன்று பந்து விவகாரத்தைத் தீர்க்கும் சட்டங்களும் நீதிமன்றங்களும் அவர் காலத்தில் வடிவம் பெற்றவை. அவற்றில் சிலவற்றில் அவரே உட்கார்ந்து தீர்ப்பு சொன்னவர்.

ஒரு ரூபாய் சம்பளம், ஒரு கரை உடைப்பு

1832 ஜனவரி 28. அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்தில் உச்சுவாடி என்ற கிராமத்தில், ஏழைக் குடும்பத்தில் முத்துசாமி பிறந்தார். சின்ன வயதிலேயே அப்பா இறந்துவிட்டார். அம்மா பிள்ளைகளோடு திருவாரூர் வந்து சேர்ந்தார். படிக்க வேண்டிய வயதில் முத்துசாமி ஊர்க் கணக்குப்பிள்ளையிடம் உதவியாளாகச் சேர்ந்தார். மாதச் சம்பளம் 1 ரூபாய்.

அவருடைய வாழ்க்கையைத் திருப்பிப் போட்டது ஒரு ஆற்றங்கரை உடைப்பு என்று அவரது வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். கரை உடைந்ததாகத் தகவல் வந்தபோது தாசில்தார் முத்துசாமி நாயக்கரின் அலுவலகத்தில் குமாஸ்தா யாரும் இல்லை. கண்ணில் பட்டது இந்தச் சிறுவன்தான். போய்ப் பார்த்துவிட்டு வரச் சொன்னார் தாசில்தார். சிறுவன் போனார், பார்த்தார், முழு விவரத்தோடு திரும்பினார். தலைமைக் குமாஸ்தாவுக்கு நம்பிக்கை இல்லை. விசாரித்துப் பார்த்ததில் சிறுவன் சொன்ன அத்தனையும் சரியாக இருந்தது.

டெல்டாவில் கரை உடைப்பு என்பது சாதாரண செய்தி கிடையாது. ஒருவரின் பக்கத்தில் உடையும் தண்ணீர் இன்னொருவரின் பயிரை மூழ்கடிக்கும். எங்கே உடைந்தது, எவ்வளவு சேதம், முன்பே தெரிந்திருக்குமா, யார் கவனித்திருக்க வேண்டும் என்ற கேள்விகள் உடனே கிளம்பும். பந்து விஷயத்திலும் சட்டம் கேட்பது கிட்டத்தட்ட இதே கேள்விகளைத்தான்.

தெருவிளக்கிலிருந்து தரங்கம்பாடி வரை

சிறுவனின் திறமையைப் பார்த்த தாசில்தார், அவரை நாகப்பட்டினத்தில் மிஷன் பள்ளிக்கும் பிறகு சென்னைக்கும் படிக்க அனுப்பினார். சென்னையில் ஈ.பி. பவெல் தலைமையில் இயங்கிய உயர்நிலைப் பள்ளி, அதாவது பின்னாளில் மாநிலக் கல்லூரியாக வளர்ந்த நிறுவனத்தில் படித்தார். விளக்கெண்ணெய்க்குக் காசில்லாமல் தெருவிளக்கின் கீழ் படித்தார் என்ற கதை இன்றும் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லப்படுவது இவரைப் பற்றித்தான். 1854-ல் ஆங்கிலக் கட்டுரைப் போட்டியில் 500 ரூபாய் பரிசு வென்றார். மாதம் 1 ரூபாய் வாங்கியவருக்கு அது எவ்வளவு பெரிய தொகை என்று சொல்லத் தேவையில்லை.

ஆசிரியர் வேலை, தஞ்சை கலெக்டர் அலுவலக வேலை, பள்ளி ஆய்வாளர் வேலை என்று சில படிகள். பிறகு வக்கீல் தேர்வில் தேறி, தரங்கம்பாடியில் மாவட்ட முன்சீப் ஆனார். டேனிஷ்காரர்களிடமிருந்து 1845-ல் பிரிட்டிஷார் வாங்கிய அதே கடற்கரை ஊர்.

இங்கே கொஞ்சம் நிற்கலாம். முன்சீப் கோர்ட் என்பது பெரிய வழக்குகளின் இடம் அல்ல. வரப்புத் தகராறு, கடன் பாக்கி, வாய்க்கால் சண்டை, மரம் சாய்ந்து சுவர் இடிந்த கதை என்று ஊர்ச் சண்டைகள் முதலில் வரும் படி அது. இன்று டெல்டாவில் பந்து பட்டு உடைந்த கண்ணாடிக்கு நஷ்டஈடு கேட்டு ஒருவர் வழக்கு போட்டாலும், பொதுவாக அது போய் நிற்கும் இடம் இதே கோர்ட்தான். இப்போது அதன் பெயர் மாவட்ட உரிமையியல் நீதிமன்றம்.

தெரியாமல் உடைத்தால் குற்றமா?

முத்துசாமி ஐயர் பணியில் முன்னேறிக்கொண்டிருந்த அந்த ஆண்டுகளில், அவர் காலடியில் இருந்த சட்டமே மாறியது. அதுவரை மாவட்டங்களில் குற்ற வழக்குகள் கம்பெனியின் ஒழுங்குமுறை விதிகளையும், மாற்றியமைக்கப்பட்ட இஸ்லாமியக் குற்றவியல் சட்டத்தையும் வைத்து நடந்தன. 1859-ல் உரிமையியல் நடைமுறைச் சட்டம் வந்தது. 1860-ல் இயற்றப்பட்ட இந்திய தண்டனைச் சட்டம் 1862 ஜனவரி 1-ல் அமலானது. அதே 1862-ல் சென்னை உயர் நீதிமன்றமும் தொடங்கியது.

பந்து விவகாரத்தில் தண்டனைச் சட்டம் ரொம்ப தெளிவு. அடுத்தவர் சொத்தைச் சேதப்படுத்துவது அதன் 425-வது பிரிவின்படி குற்றம். ஆனால் சேதப்படுத்தும் எண்ணம் இருக்க வேண்டும், அல்லது சேதம் ஆகலாம் என்று தெரிந்தே செய்திருக்க வேண்டும். 80-வது பிரிவு இன்னொன்றைச் சொன்னது. சட்டப்படியான ஒரு செயலை, சட்டப்படியான முறையில், உரிய கவனத்தோடு செய்யும்போது, கெட்ட எண்ணமோ முன்கூட்டித் தெரிதலோ இல்லாமல் விபத்து நேர்ந்தால் அது குற்றம் ஆகாது.

2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. 425-ன் இடத்தில் இப்போது 324, 80-ன் இடத்தில் 18. எண்கள் மாறினாலும் அடிப்படை மாறவில்லை.

அதனால் சாதாரணமாக விளையாடும்போது பந்து தவறிப் போய்க் கண்ணாடி உடைந்தால், அதற்காக பிள்ளைங்களை ஸ்டேஷனுக்கு இழுப்பது சட்டப்படி நிற்காது. 7 வயதுக்குக் கீழ் உள்ள குழந்தை செய்யும் எதுவும் குற்றமே இல்லை. 7 முதல் 12 வயது வரை, செய்வதன் விளைவு புரியும் பக்குவம் இருந்ததா என்று பார்க்க வேண்டும். அதே நேரம், கோபத்தில் வீட்டைக் குறிவைத்து அடித்தால் கதை வேறு. அங்கே எண்ணம் வந்துவிடுகிறது.

குற்றம் இல்லை, சரி. பணம் தர வேண்டாமா?

இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். குற்றம் இல்லை என்றால் பொறுப்பும் இல்லை என்று அர்த்தம் அல்ல. தண்டனை ஒரு வழி, நஷ்டஈடு இன்னொரு வழி. இரண்டாவதைத் தீர்மானிப்பது உரிமையியல் சட்டம்.

ஆனால் அந்தச் சட்டம் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது? பதில் கொஞ்சம் ஆச்சரியமானது. இந்தியாவில் இதற்கென்று முழுமையான தனிச் சட்டம் இன்றுவரை இல்லை. 1880-களில் ஆங்கிலச் சட்ட அறிஞர் ஃபிரெடரிக் பொல்லாக் இந்திய அரசுக்காக ஒரு வரைவு மசோதா எழுதினார். அது சட்டமாகவே இல்லை.

அந்த இடைவெளியை நிரப்பியது ஒரு பழைய கொள்கை. 1873-ன் மெட்ராஸ் சிவில் நீதிமன்றங்கள் சட்டம், குறிப்பிட்ட விதி எதுவும் இல்லாத இடத்தில் நீதி, சமநீதி, நல் மனசாட்சி ஆகியவற்றின்படி நீதிபதி முடிவெடுக்க வேண்டும் என்கிறது. அதன்படி நீதிபதிகள் ஆங்கிலத் தீர்ப்புகளை எடுத்து, இந்த ஊருக்குப் பொருந்துமா என்று பார்த்துப் பயன்படுத்தினார்கள்.

ஏரி உடைந்த வழக்கு

அப்படிப் பொருத்திப் பார்த்ததற்குப் பெரிய உதாரணம் 1874-ல் வந்தது. கார்வேட்டிநகரம் ஜமீனில் இருந்த ஏரிகள் உடைந்து, வெளியேறிய தண்ணீர் மெட்ராஸ் ரயில்வே கம்பெனியின் பாலங்களைச் சேதப்படுத்தியது. கம்பெனி நஷ்டஈடு கேட்டது.

இங்கிலாந்தில் 1868-ல் ரைலண்ட்ஸ் வழக்கில் ஒரு கடுமையான விதி உறுதியாகியிருந்தது. தன் நிலத்தில் பெரிய அளவில் தண்ணீரைத் தேக்கி வைத்தவர், அது தப்பித்துப் போய் அடுத்தவருக்குச் சேதம் செய்தால், தவறே செய்யாவிட்டாலும் பொறுப்பு. ரயில்வே கம்பெனி இதைத்தான் பிடித்துக்கொண்டது.

வழக்கு லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் வரை போனது. ஜமீன்தார் ஜெயித்தார். இந்தப் பகுதியில் ஏரி என்பது ஒருவரின் சொந்த வசதிக்கு வெட்டியது அல்ல. காலங்காலமாக இருப்பது, விவசாயத்துக்கு அவசியமானது, அதைப் பராமரிப்பது ஜமீன்தாரின் கடமை. அதனால் அவர் கவனக்குறைவாக இருந்தாரா என்பதுதான் கேள்வி. இல்லை என்றால் பொறுப்பும் இல்லை.

பந்து கேள்விக்கும் திறவுகோல் இதுதான். ஒரு பொருள் எல்லை தாண்டிப் போய்ச் சேதம் செய்ததாலேயே பொறுப்பு வந்துவிடாது. சேதம் வரும் என்று முன்பே தெரிந்திருக்க வேண்டுமா, தெரிந்தும் தடுக்கத் தவறினார்களா என்று பார்க்க வேண்டும்.

மாடு மேய்ந்தால் பட்டி, பந்து விழுந்தால்?

தரங்கம்பாடிக்குப் பிறகு முத்துசாமி ஐயர் தஞ்சாவூரில் துணை கலெக்டரானார், மங்களூரில் நீதிபதியானார். 1868-ல் சென்னையில் போலீஸ் மாஜிஸ்திரேட், பிறகு சிறு வழக்குகள் நீதிமன்ற நீதிபதி. சென்னையில் இருந்த இந்தக் காலத்தில் சட்டப் பட்டமும் பெற்றார்.

அந்த ஆண்டுகளில் வந்த இன்னொரு சட்டம் டெல்டாக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். 1871-ன் கால்நடை அத்துமீறல் சட்டம். அடுத்தவர் மாடு வயலில் இறங்கிப் பயிரை மேய்ந்தால், வயல்காரர் அதைப் பிடித்துப் பட்டியில் அடைக்கலாம். மாட்டுக்காரர் அபராதம் கட்டித்தான் மீட்க வேண்டும்.

பந்துக்கு அப்படி ஒரு சட்டம் இல்லை. அதனால் வீட்டுக்குள் வந்து விழுந்த பந்தைத் தர மாட்டேன் என்று பிடித்து வைத்துக்கொள்ள வீட்டுக்காரருக்கு உரிமை கிடையாது. பந்து இன்னமும் பந்துக்காரருடையதுதான்.

அதே சமயம், பந்தை எடுக்கிறேன் என்று சுவர் ஏறிக் குதிக்கவும் யாருக்கும் உரிமை இல்லை. டெல்டாவில் இது இன்னும் முக்கியம். பந்து உளுந்து வயலில் விழுந்தால் பந்தால் ஆகும் சேதம் ஒன்றுமில்லை. அதைத் தேடி பத்துப் பேர் செடியை மிதிப்பதுதான் சேதம். அது தவறி நடந்த விபத்து அல்ல, தெரிந்தே செய்தது. அந்த விவசாயி நஷ்டஈடு கேட்டால் தப்பிப்பது கஷ்டம்.

ஒரு நீதிபதிக்காக ஒரு பத்திரிகை

1870-களின் கடைசியில் முத்துசாமி ஐயர் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக நியமிக்கப்பட்டார். அந்த நாற்காலியில் அமர்ந்த முதல் இந்தியர். ஆங்கிலேயர்கள் நடத்திய பத்திரிகைகள் இதைக் கடுமையாக எதிர்த்தன.

பதில் சொல்ல இந்தியர்களிடம் பத்திரிகை இல்லை. அந்தக் கோபத்தில் திருவல்லிக்கேணியைச் சேர்ந்த 6 இளைஞர்கள் 1 ரூபாய் 12 அணா கடன் வாங்கி, 80 பிரதிகள் அச்சடித்தார்கள். 1878 செப்டம்பர் 20-ல் வெளியான அந்த வார இதழ்தான் தி இந்து. அவர்களில் முக்கியமானவரான ஜி. சுப்பிரமணிய ஐயர் திருவையாற்றில் பிறந்தவர். டெல்டாவின் ஒரு நீதிபதிக்காக டெல்டாவின் இன்னொருவர் பேனா எடுத்தார் என்றும் சொல்லலாம்.

முத்துசாமி ஐயர் வாழ்நாள் முடியும்வரை நீதிபதியாக இருந்தார். 1891-ல் மலபார் திருமண ஆணையத்தின் தலைவர். 1893-ல் சில மாதங்கள் தற்காலிகத் தலைமை நீதிபதி. அதே ஆண்டு சர் பட்டமும் வந்தது.

இங்கிலாந்தில் போன இரண்டு சிக்ஸர்கள்

அவர் காலத்தில் வேர்விட்ட கவனக்குறைவு என்ற கருத்து, அடுத்த நூற்றாண்டில் நேரடியாகக் கிரிக்கெட் பந்திலேயே சோதிக்கப்பட்டது. இந்திய நீதிமன்றங்களும் மேற்கோள் காட்டக்கூடிய இரண்டு ஆங்கில வழக்குகள் இவை.

முதலாவது, 1951-ல் முடிந்த போல்டன் வழக்கு. மைதானத்துக்கு வெளியே சாலையில் நின்ற ஒரு பெண் மீது பந்து விழுந்தது. அந்த மைதானத்தில் சுமார் 30 ஆண்டுகளில் 6 முறைதான் பந்து வேலி தாண்டியிருந்தது. இவ்வளவு அரிதான ஒன்றுக்காக கிளப்பைக் குறை சொல்ல முடியாது என்று தீர்ப்பானது. கிளப் தப்பித்தது.

இரண்டாவது, 1977-ன் மில்லர் வழக்கு. சுமார் 70 ஆண்டுகளாக விளையாடி வந்த ஒரு கிராமத்து மைதானத்தின் ஓரத்தில் புதிதாக வீடுகள் வந்தன. வேலியை உயர்த்தியும் ஒவ்வொரு சீசனிலும் பந்துகள் வீட்டுக்குள் விழுந்தன. இங்கே கிளப்தான் பொறுப்பு என்று மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் பெரும்பான்மை சொன்னது. மைதானம் முதலில் வந்தது என்ற வாதம் கிளப்பைக் காப்பாற்றவில்லை. ஆனால் விளையாட்டை நிறுத்தத் தடையும் கொடுக்கவில்லை. விளையாடலாம், சேதத்துக்குப் பணம் கொடுக்கலாம் என்பதே முடிவின் சாரம்.

வயல் ஓரம் பிளாட் ஆகும் டெல்டாவுக்கு இந்த இரண்டாவது வழக்கு ரொம்ப நெருக்கமானது.

அப்போ, பில்லை யார் கட்டுவது?

மேட்ச் நடத்தும் கிளப் அல்லது குழு: பந்து அடிக்கடி வீடுகளுக்குள் போகிறது என்று தெரிந்தும் வலை கட்டவில்லை, பிட்ச்சைத் திருப்பவில்லை என்றால் முதல் பொறுப்பு இவர்களுக்குத்தான்.

அடித்தவர்: விதிப்படி விளையாடிய பேட்ஸ்மேனை மட்டும் பிடிப்பது எளிதல்ல. ஆனால் நெருக்கமான தெருவில், ஜன்னல் பக்கத்திலேயே கிரிக்கெட் பந்தை வைத்து ஓங்கி அடித்தால் அது அவரது கவனக்குறைவு.

பெற்றோர்: பிள்ளை செய்ததற்கு அப்பா, அம்மா தானாகவே பொறுப்பாவதில்லை. மேற்பார்வையில் அவர்களே தவறியிருந்தால்தான் பொறுப்பு. ஊர் வழக்கத்தில் பெற்றோர்தான் பணம் தருகிறார்கள். அது நல்ல பழக்கம், சட்டக் கட்டாயம் அல்ல.

பள்ளி: பள்ளி மேற்பார்வையில் நடக்கும் விளையாட்டில் தடுப்பு ஏற்பாடு செய்யாவிட்டால் நிர்வாகத்திடம் கேட்கலாம்.

நிலத்துக்காரர்: தன் நிலத்தில் நடப்பதால் அக்கம்பக்கத்துக்குத் தொடர்ந்து தொந்தரவு என்று தெரிந்தும் அனுமதித்தால் அவரையும் சேர்க்கலாம்.

கார் சேதம்: சொந்தச் சேதத்தையும் சேர்த்து எடுத்த காப்பீடு இருந்தால் பொதுவாக க்ளெய்ம் செய்யலாம். ஆனால் நோ க்ளெய்ம் போனஸ் போய்விடும். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் இருந்தால் கிடைக்காது.

வீட்டுக்காரர் செய்ய வேண்டியது எளிது. உடைந்ததை உடனே போட்டோ எடுப்பது, தேதி குறிப்பது, பழுது பார்த்த பில்லை வைத்துக்கொள்வது. முன்பும் பந்து விழுந்திருந்தால் அதையும் எழுத்தில் தெரிவிப்பது. இரண்டாவது முறை விழும்போது, எங்களுக்குத் தெரியாது என்று கிளப் சொல்ல முடியாமல் போவது அந்தக் கடிதத்தால்தான்.

கோர்ட்டுக்கு முன்பே இன்னொரு வழியும் உண்டு. வட்ட சட்டப் பணிகள் குழுவிடம் மனு கொடுத்து, லோக் அதாலத்தில் பேசி முடிக்கலாம். நீதிமன்றக் கட்டணம் இல்லை. அங்கே ஏற்படும் சமரசம் கோர்ட் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடும் கிடையாது. 3,000 ரூபாய் கண்ணாடிக்காக இரண்டு குடும்பங்கள் வருஷக்கணக்கில் முகம் கொடுத்துப் பேசாமல் இருப்பதைவிட இது மேல்.

முத்துசாமி ஐயர் 1895 ஜனவரி 25-ல், 63 வயது நிறைய மூன்று நாள் இருக்கும்போது காலமானார். உயர் நீதிமன்றத்தின் இன்றைய சிவப்புக் கட்டடம் 1892-ல் திறக்கப்பட்டபோது அவர் அங்கே நீதிபதி. இப்போது அதே கட்டடத்துக்குள் அவருடைய பளிங்குச் சிலை இருக்கிறது. திருவாரூரில் கரை உடைப்பைப் பார்க்கப் போன சிறுவன் விசாரித்து வந்த மாதிரிதான், உடைந்த ஒரு ஜன்னலின் முன்பும் சட்டம் விசாரிக்கிறது. என்ன உடைந்தது, முன்பே தெரிந்திருந்ததா, தெரிந்தவர்கள் என்ன செய்தார்கள்? அடுத்த ஞாயிற்றுக்கிழமை மேட்சுக்கு முன்பு வீடுகள் பக்கம் ஒரு வலை கட்டிவிட்டால், கிளப்பிடம் அந்தக் கடைசிக் கேள்விக்கு ஒரு பதில் இருக்கும்.